அலுங்காமல் குலுங்காமல்

கரவல்லியைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்பே அம்மாவின் இடது கை கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பற்றிவிடும். வலது கை முன்சீட்டின் தோளைப் பிடித்திருக்கும். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். சோளக்காடு போய்ச் சேரும்வரை அந்த இரண்டு கைகளும் இறங்காது. ஓட்டுகிற எனக்குக் கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரியாது. பிடியை இறுக்கிய விரல்கள்தான் தெரியும். "வலிக்குதாம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்பார்.

அம்மாவுக்கு இடுப்பில் தட்டு விலகி நான்கு வருடமாகிறது. எங்களுடையது ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நானும் மனைவியும் மட்டும் போனால் அதன்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. ஆடி மாதம் அறப்பளீஸ்வரரைப் பார்க்க அத்தை, மாமா, பிள்ளைகள் என்று எல்லோரும் ஏறி, பின்னால் சமையல் பாத்திரங்களையும் அடுக்கினால்தான் அதன் வயது தெரியும். பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் 'டொம்' என்று ஓர் இடி. வளைவில் திரும்பினால் உடம்பு முழுவதையும் வெளிப்பக்கம் சாய்த்துவிட்டு, நேரான பிறகும் ஒரு தரம் ஆடிவிட்டுத்தான் அடங்கும். கடைசி சீட்டில் உட்காரும் சின்னவள் இருபதாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவாள்.

நான் முதலில் செய்தது, பலரும் செய்வதைத்தான். ஓர் உதிரிபாகக் கடையில் சொன்னேன். "ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் பஃபர் போட்டுடலாம் சார், அரை மணி நேர வேல" என்றார்கள். போட்டார்கள். பின்பக்கம் நிமிர்ந்தது, அந்த இடியும் நின்றது. ஒரு வாரம் எனக்குப் பெரிய நிம்மதி. அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையணையை ஒன்றிலிருந்து இரண்டாக்கிக்கொண்டார். ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய இரவில்தான் வாய் திறந்தார். "முன்னெல்லாம் அலுங்குச்சு சாமி. இப்பக் குலுங்குது."

அலுங்காமல் குலுங்காமல் கூட்டிக்கொண்டு போ என்று நாம் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவனிடம் சொல்வோம், கல்யாணப் பலகாரத்தைத் தூக்கிப் போகிறவனிடம் சொல்வோம். எங்கள் நாமக்கல்லில் முட்டை லாரி டிரைவரிடம் சொல்வார்கள். அது ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மாதான் அதைப் பிரித்துக் காட்டினார். அலுங்குவது மெதுவான, நீண்ட ஆட்டம்; தண்ணீர்க் குடத்தில் தண்ணீர் அசைவது போல. குலுங்குவது வெடுக்கென்று வரும் உதறல். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். வண்டியின் சஸ்பென்ஷன் வேலை முழுவதுமே இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

முட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்ஸில் சிட்ரோயன் கம்பெனியை நடத்திய பியர் பூலாஞ்சே, கிராமத்து விவசாயிகளுக்காக ஒரு மலிவான கார் வேண்டும் என்றார். ஒரு கூடை முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒன்றும் உடையக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த '2 சிவி' அப்படிப் பிறந்தது. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒரே ஸ்பிரிங் குழாயில் இணைத்த வண்டி அது. தட்டுக்கு 30 முட்டையாக அடுக்கி நாடெங்கும் அனுப்பும் ஊர்க்காரனுக்கு இந்த நிபந்தனையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அம்மா சொன்ன குலுங்கலுக்குக் காரணம் அந்த பஃபர்தான். சுருளின் இடையில் ரப்பரைத் திணித்தால் அந்தச் சுற்று அசையாமல் பூட்டிக்கொள்கிறது. அசைகிற சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் கெட்டியாகும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் மிகவும் நொந்துபோகும். முதுகும் வயிறும் அதை வாங்கிப் பெரிதாக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் கெட்டியானால் ரோட்டின் சின்னச் சின்ன வெடிப்புகள் எல்லாம் அந்த வேகத்தில்தான் உள்ளே வருகின்றன. அம்மாவின் இடுப்புக்கு நானே காசு கொடுத்து வலியை வாங்கிப் பொருத்தியிருக்கிறேன்.

அப்படியானால் எந்த ஆட்டம் உடம்புக்குப் பிடிக்கும்? இதற்குப் பதில் நம் வீட்டு உத்தரத்தில் தொங்கும் தூளியில் இருக்கிறது. ஸ்பிரிங் போட்டுக் கட்டிய தூளியை மெல்ல இழுத்துவிட்டால் ஏறக்குறைய நாம் நடக்கும் வேகத்தில் மேலும் கீழும் போய்வரும். குழந்தை தூங்கிவிடும். சொகுசான கார்களும் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை ஆடும்படிதான் அமைக்கப்படுகின்றன. கணக்கும் எளிது. கனத்தைத் தாங்கி ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் ஆட்டம் நொடிக்கு ஒரு தடவை. 11 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் நொடிக்கு ஒன்றரை. குழந்தை வளர வளரத் தூளியின் ஆட்டம் மந்தமாவதைத் தாய்மார்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். காரிலும் அதேதான். பின்சக்கரங்களின் மேலுள்ள கனம் ஒன்றரை மடங்கானால் ஆட்டத்தின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடுகிறது.

எங்கள் சின்னவளின் வாந்திக்கு ஒரு காரணம் இங்கே கிடைத்தது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்து 1930-களில் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனியில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஆகவே பின்பக்கத்தின் ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால் தாமதமாகத் தொடங்கியதும் ஓடிவந்து முன்னதோடு சேர்ந்துகொள்ளும். வண்டி தட்டையாக எழுந்து தட்டையாக இறங்கும். எங்கள் வண்டியில் ஏழு பேர் ஏறிய கணமே இந்த வரிசை குலைந்துவிடுகிறது. பின்பக்கம் முன்பக்கத்தைவிட மந்தமாகி, மூக்கு எழும்போது வால் இறங்க, வால் எழும்போது மூக்கு இறங்க, கடைசி சீட்டுக் குழந்தை படகில் உட்கார்ந்தது போல் ஆடுகிறது. ஐந்து நொடிக்கு ஒரு தடவை வருகிற மிக மந்தமான அசைவுதான் குமட்டலை அதிகம் கிளப்பும். வளைவுகளில் இடமும் வலமும் மாறி மாறித் தள்ளப்படுவதும் அந்த வகைதான். அதை எந்த ஸ்பிரிங்கும் தீர்க்காது. ஓட்டுகிறவன்தான் தீர்க்க வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது திருச்செங்கோடு சாலையில் ஒரு பட்டறைக்குப் போன பிறகு. முப்பது வருடம் லாரிகளுக்கு வேலை செய்துவிட்டுக் கார்களுக்கு வந்த பெரியவர் அவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார், பதில் சொல்லவில்லை. வண்டியின் பின் மூலையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அமுக்கி, சட்டென்று கையை எடுத்தார். வண்டி எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. "எண்ணுனீங்களா சார்? ஒரு தரம் எழுந்து நிக்கணும். இது ஊஞ்சலாடுது." குனிந்து பார்க்கச் சொன்னார். ஷாக் அப்சார்பரின் மேனியில் எண்ணெய் கசிந்து, அதில் மண் அப்பி, களிம்பு போல் காய்ந்திருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, அதை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் இடுக்கில் கம்பியைக் கொடுத்து நெம்பினார். அதன் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் வாய் பிளந்தது. லிங்க் ராடு கையோடு கடகடவென்று ஆடியது.

"எல்லாரும் மேல என்ன போடலாம்னு கேட்டுட்டு வர்றாங்க சார். இருக்கறது செத்துப்போயிருக்குது, அத யாரும் பாக்கறதில்ல."

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. நம் முன்னோர் ஸ்பிரிங்கை வில் என்றார்கள். ஸ்பிரிங் பட்டை வைத்த மாட்டு வண்டி வில்வண்டி ஆயிற்று. அம்மா கல்யாணமாகி வந்தது வில்வண்டியில்தான்; கட்டை வண்டியில் வந்த தன் அக்காவைவிடத் தான் கொடுத்துவைத்தவள் என்று இன்றும் சொல்வார். சரியான பெயர்தான் அது. வில்லின் இயல்பே வாங்கிய விசையை வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுப்பது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அந்தக் குணம்தான் வேண்டும். காரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வேண்டாம். ஷாக்கின் உள்ளே எண்ணெயை நுண்ணிய வழிகளில் நெருக்கி அனுப்பி, வில் திருப்பிக் கொடுக்கும் விசையைச் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்த ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான். அமுங்கும்போது கொஞ்சம் இளக்கமாகவும் விரியும்போது இறுக்கமாகவும் இருக்கும்படி அதன் வால்வுகளை அமைப்பார்கள்: மேட்டை மெதுவாக வாங்கு, துள்ளலை விடாதே.

அம்மாவுக்காகப் பெரியவர் போட்ட திட்டம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் பஃபரை எடுத்து எறிந்தார். பின் ஸ்பிரிங்குகளை இறக்கித் தரையில் நிறுத்தி அளந்தார். ஒன்று மற்றதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. இரண்டுக்கும் பதிலாக அதே அளவில் புதிது. கம்பி தடிமனான ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டேன். 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் ஸ்பிரிங் 38 சதவீதம் கெட்டியாகிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைத்தால், பஃபர் போட்ட கதைதான் மறுபடியும். ஸ்பிரிங்கின் அளவை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் மட்டும் வாயு நிரப்பிய, ஒரு படி இறுக்கமான ஷாக்குகளைப் போட்டார். ஏழு பேர் ஏறும்போது பழைய அளவு ஷாக்கின் பிடி பற்றாமல் போகிறது; அந்தக் குறையை மட்டும் ஈடுகட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. முன்பக்கத்துக்குக் கம்பெனி அளவு ஷாக்கே. வளைவில் சாய்வதைத் தடுக்கும் குறுக்குக் கம்பி நன்றாகவே இருந்தது, அதை வண்டியோடு இணைக்கும் லிங்க் ராடுகளை மாற்றியதும் பாதிச் சாய்வு போய்விட்டது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் அந்தக் கம்பி குறுக்கே வராது. வளைவில் மட்டும் வேலை செய்யும். குடும்ப வண்டிக்கு இதைவிட நல்ல கூலியாள் கிடையாது.

புஷ்ஷுக்குப் பாலியூரித்தேன் போடச் சிலர் சொல்லியிருந்தார்கள். அவர் ரப்பரே போதும் என்றார். பாலியூரித்தேன் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரோட்டின் இரைச்சலை அப்படியே உள்ளே கொண்டுவரும். அந்தப் புஷ்களின் போல்ட்டுகளை முறுக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது எல்லாவற்றையும் தளர்வாகவே விட்டார். பிறகு சக்கரங்களை மாட்டி, வண்டியைக் குழிக்கு மேல் தள்ளி நிறுத்தி, அது தன் கனத்தில் உட்கார்ந்த பிறகு, குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்; சீக்கிரம் கிழியும், ஓட்டமும் கெட்டியாகத் தெரியும். "நிக்கற நெலமையில அது நிம்மதியா இருக்கணும் சார்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

டயரையும் சொல்லியாக வேண்டும். 185/65 அளவில் 15 அங்குலச் சக்கரத்திலிருந்து 195/55 அளவில் 16 அங்குலத்துக்கு மாறினால் பார்க்க எடுப்பாக இருக்கும், மொத்த உயரமும் மாறாது. ஆனால் டயரின் பக்கச் சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகிவிடும். குண்டும் குழியுமான ரோட்டில் அந்த 13 மில்லிமீட்டர் காற்றுதான் முதல் மெத்தை. நான் மாற்றவில்லை. மைலேஜுக்காக 40 வரை ஏற்றி வைத்திருந்த காற்றையும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டிருந்த அளவுக்கு இறக்கினேன். செலவே இல்லாத இந்த வேலை, குலுங்கலில் கணிசமான பங்கை எடுத்துவிட்டது.

வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில வேகத்தடைகளுக்கு மருந்தில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். நான் தினமும் கடக்கும் தடைகளில் பல, ஒரு முழ அகலத்தில் கொட்டி வைத்த தார்க் கட்டிகள். வேகத்தைக் குறைக்கத்தான் அவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு விலை கொடுப்பது ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரும் அம்மாவைப் போன்றவர்களும். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தனியாக ஓட்டும்போது பின்பக்கம் இப்போது சற்று இறுக்கமாகத்தான் இருக்கிறது. பாலத்தின் இணைப்புகள் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. அது எனக்கு வந்த நஷ்டம், ஏற்றுக்கொண்டேன். அலுங்கலையும் குலுங்கலையும் ஒருசேர முழுவதும் ஒழிக்க முடியாது. யாருக்காக எதைக் குறைக்கிறோம் என்பதை முடிவு செய்யலாம், அவ்வளவுதான்.

இந்த ஆடியில் ஏழு பேரும் மறுபடி கிளம்பினோம். கரவல்லி தாண்டியது. வளைவுகளில் நானும் நிதானமாகவே திருப்பினேன். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, திரும்பும்போது காலை எடுத்துவிடுவது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். 41-ஆவது வளைவின் பலகை கடந்தபோது கண்ணாடியைப் பார்த்தேன். கதவுக்கு மேலிருக்கும் பிடி மடிந்து கூரையோடு ஒட்டியிருந்தது. அம்மா மடியில் தூக்குவாளியை வைத்து, இரண்டு கைகளாலும் அவித்த கடலைக்காயை உரித்து, திரும்பி உட்கார்ந்து, கடைசி சீட்டில் இருந்தவளின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.