ஃபாரின் மாப்பிள்ளை... பக்கத்துத் தெருவுல!

'பொண்ணு கல்யாணம் முடிஞ்சு ஃபாரின் போகுது'ன்னு மதுரையில யாராவது சொன்னா, உங்க மனசுல என்ன படம் ஓடும்? அமெரிக்கா மாப்பிள்ளை, க்ரீன் கார்டு, ஏர்போர்ட் வாசல்ல வேன் பிடிச்சு வந்து டாடா காட்டுற சித்தப்பா, பெரியப்பா கூட்டம்... அதானே?

அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி வெச்சுட்டு, என்கூட ஆனையூர் வரைக்கும் வாங்க பாஸ். இங்கேயும் ஃபாரின் மாப்பிள்ளைங்க இருக்காங்க. பிறந்தது நம்ம பெரியாஸ்பத்திரியில. படிச்சது நம்ம ஊர் கவர்மென்ட் ஸ்கூல்ல. ஜிகர்தண்டா குடிச்சு, தலைவர் படத்துக்கு விசிலடிச்சு வளர்ந்தவங்க. கடலைத் தாண்டினதே கிடையாது. ஆனா, சட்டத்தோட கண்ணுக்கு அவங்க வெளிநாட்டுக்காரங்க!

'ஓம்'னு ஒரு குரல்

மதுரைக்கு வடக்கே, அலங்காநல்லூர் ரோட்டைப் பிடிச்சுப் போனா ஆனையூர். கூடல் நகர் ரயில்வே ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டிகள் பெருமூச்சு விடுற சத்தம் கேட்கிற தூரம். ஒரு காலத்துல தனி நகராட்சி. 2011-ல மதுரை மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. திருப்பரங்குன்றம், அவனியாபுரமும் அப்போ சேர்ந்ததுதான். மாநகராட்சி வார்டு எண்ணிக்கை 72-லேருந்து 100 ஆச்சு. வயலா இருந்த இடத்துல எல்லாம் இப்போ காம்பவுண்ட் சுவர், ப்ளாட் கல், 'வீடு வாடகைக்கு' போர்டு.

இந்த ஆனையூருக்குள்ளதான் இருக்கு இலங்கைத் தமிழர் முகாம். 'அகதிகள் முகாம்'னுதான் ரொம்ப வருஷமா பேரு. 2021 ஆகஸ்ட்டுல தமிழக அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு. அப்பவே 317.40 கோடி ரூபாய் திட்டமும் அறிவிச்சாங்க. தமிழ்நாடு முழுக்க முகாம்கள்ல இடிஞ்ச நிலையில இருந்த 7,469 வீடுகளைப் புதுசா கட்டிக் கொடுக்கிறது அதுல முக்கியமான விஷயம். பஸ்ல நாம இன்னும் 'கேம்ப் ஸ்டாப்'னுதான் கேட்டு இறங்குறோம்... அது வேற கதை!

இந்தப் பக்கத்து டீக்கடையில அஞ்சு நிமிஷம் காதைத் தீட்டி உட்காருங்க. "என்னண்ணே... எப்ப வந்தீங்க?"ன்னு சுத்தமான மதுரைத் தமிழ்ல சலம்பிக்கிட்டு இருக்கிற பையனுக்கு வீட்டுலேருந்து போன் வரும். எடுத்த அடுத்த செகண்ட் கியர் மாறும். "ஓம் அம்மா... இஞ்சதான் நிக்கிறன்... வந்து கதைக்கிறன்." போனை வெச்சதும் திரும்ப, "அவய்ங்க எங்கண்ணே போனாய்ங்க?" ரெண்டு தமிழும் அவனுக்குத் தாய்மொழிதான். ஒண்ணு வீட்டுக்கு, இன்னொண்ணு ரோட்டுக்கு.

பிறந்த தேதி பார்த்து ஒரு தலையெழுத்து

'இங்கேயே பிறந்தவன் எப்படிங்க ஃபாரினர்?'னு கேட்கத் தோணுதில்ல? எனக்கும் தோணுச்சு. குடியுரிமைச் சட்டம் 1955-ஐ எடுத்துப் புரட்டினா, நம்ம சி-புரோகிராமிங் லேப்ல எழுதுற 'இஃப்... எல்ஸ்' மாதிரியே இருக்கு.

1950 ஜனவரி 26-லேருந்து 1987 ஜூன் 30 வரைக்கும் இந்திய மண்ணுல பிறந்தீங்களா? நீங்க இந்தியர். அப்பா, அம்மா யாருங்கிறதைப் பத்திப் பெரும்பாலும் கேள்வியே இல்லை.

1987 ஜூலை 1-லேருந்து, 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடி வரைக்கும் பிறந்தீங்களா? அப்பா, அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும்.

2004 டிசம்பர் 3-லேருந்து பிறந்தீங்களா? ரெண்டு பேருமே இந்தியரா இருக்கணும். இல்லேன்னா ஒருத்தர் இந்தியரா இருந்து, இன்னொருத்தர் 'சட்டவிரோதக் குடியேறி'யா இல்லாம இருக்கணும்.

இப்போ முகாம் கதையை இதுக்குள்ள போட்டுப் பாருங்க. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் ராமேஸ்வரம் கரைக்குப் படகுகள் அலை அலையா வர ஆரம்பிச்சது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் கடல். குண்டு விழுற ராத்திரியில குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தவங்க கையில பாஸ்போர்ட், விசா எப்படி இருக்கும்? முறையான ஆவணம் இல்லாம நுழைஞ்சவங்களுக்குச் சட்டம் வெச்சிருக்கிற பேருதான் 'சட்டவிரோதக் குடியேறி'. 1951-ம் வருஷத்து ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடலை. நமக்குன்னு தனியா ஒரு அகதிகள் சட்டமும் கிடையாது. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு. இலங்கை இல்லை.

ஆக, முகாம்ல 1990-லயோ 2000-த்துலயோ ரெண்டு அகதிகளுக்குப் பிறந்த குழந்தை, நம்ம ஊர் பர்த் சர்ட்டிஃபிகேட்டோட வெளிநாட்டுக்காரர் ஆயிடுது!

லவ்வுக்கு ஏது எல்லை?

இனிமேதான் நம்ம ஏரியா. ஒரே ஸ்கூல், ஒரே டியூஷன், ஒரே பஸ்... நாப்பது வருஷமா பக்கத்துப் பக்கத்துத் தெருவுல இருந்தா காதல் வராமலா இருக்கும்? முகாம் பையனுக்கும் மதுரைப் பொண்ணுக்கும், முகாம் பொண்ணுக்கும் மதுரைப் பையனுக்கும் கல்யாணங்கள் நடந்துக்கிட்டுதான் இருக்கு. மொழி ஒண்ணு, சாமி ஒண்ணு. சமையல்ல சொதியும் சம்பலும் சேரும், அவ்வளவுதான். மண்டபத்துல பிரச்னை வராது. வர்றது அதுக்கப்புறம், கவர்மென்ட் ஆபீஸ்ல.

ஒரு மதுரைப் பொண்ணு முகாம் பையனைக் கட்டிக்கிட்டானு வெச்சுக்கோங்க. அவங்க முன்னாடி மூணு ரோடு.

ரோடு நம்பர் 1: இங்கேயே இருக்கிறது

இந்தியரைக் கல்யாணம் பண்ணின வெளிநாட்டவர், 7 வருஷம் இந்தியாவுல குடியிருந்தா பதிவு மூலமா குடியுரிமை கேட்கலாம்னு சட்டத்தோட 5-வது பிரிவு சொல்லுது. 'சூப்பர்... முடிஞ்சுதுடா மாப்ள!'ன்னு எழுந்திரிக்காதீங்க. அதே பிரிவு, சட்டவிரோதக் குடியேறிக்கு இந்தக் கதவு கிடையாதுன்னும் சொல்லுது. இங்கேயே பிறந்தவன் எந்தத் தேதியில, எந்த எல்லை வழியா 'நுழைஞ்சான்'? இந்தக் கேள்வியை நீங்க கேட்கலாம். ஆனா, ஃபைல் வெச்சிருக்கிற மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பார்க்கிறது சட்டவரியை மட்டும்தான்.

இதைவிடப் பெரிய அடி குழந்தைக்கு. அம்மா இந்தியர், ஓட்டுப் போடுறவங்க. அப்பாவை 'சட்டவிரோதக் குடியேறி'ன்னு எடுத்துக்கிட்டா, 2004 டிசம்பர் 3-லேருந்து பிறந்த குழந்தைக்குப் பிறப்பால குடியுரிமை கேள்விக்குறி. மூணாவது தலைமுறைக்கும் அதே கேள்வி!

ரோடு நம்பர் 2: தீவுக்குப் போறது

'சரி, அவரோட நாட்டுக்கே போயிடலாம்'னு முடிவெடுத்தா, முதல் கேள்வியே, அது அவரோட நாடுதானா? இலங்கையோட 1948-ம் வருஷத்து குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டுல பிறந்த குழந்தையோட பிறப்பை ஒரு வருஷத்துக்குள்ள அங்கத்தித் தூதரகத்துல பதியணும். தாமதமானா காரணம் சொல்லிப் பதியணும். முகாம்வாசிகளுக்கு அது சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகம். 1984-லேருந்து முகாம்கள்ல வேலை செய்யுற 'ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்' இந்தப் பதிவுக்குத்தான் பல வருஷமா அலைஞ்சு உதவிக்கிட்டு இருக்கு. அப்பா, அம்மா அன்னிக்கு 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டிருந்தா, பையன் ரெண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாம நடுக்கடல்ல நிக்கிறான்.

பதிவு ஆச்சு, இலங்கை பாஸ்போர்ட் வாங்கியாச்சுன்னா அடுத்தது இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி. அதுக்கு ஒரு ஃபைல் பயணம். அதோட, ஊர் திரும்பினா எல்லாம் சுபம்னும் சொல்ல முடியாது. 2025-ல தமிழ்நாட்டுலேருந்து ஐ.நா. அகதிகள் அமைப்போட உதவியில திரும்பிப் போன ஒரு முதியவரை, அன்னிக்கு முறையில்லாம நாட்டை விட்டுப் போனாருன்னு பலாலி விமான நிலையத்துல கைது பண்ணி, அப்புறம் ஜாமீன்ல விட்டாங்க.

நம்ம மதுரைப் பொண்ணு நிலைமை? அவங்களுக்கு இந்திய பாஸ்போர்ட் வேணும். அது நம்ம மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ்லயே கிடைச்சிடும். பிறகு, இலங்கைக் குடிமகனோட மனைவிங்கிற கணக்குல வசிப்பிட விசா. அதைக் காலாகாலத்துல புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். கவனிச்சீங்களா? விமானமோ கப்பலோ அந்தக் கரையைத் தொட்ட நிமிஷம் ரோல் மாறிடுது. இத்தனை நாள் ஃபாரினரா இருந்த புருஷன் உள்ளூர்க்காரர். பொண்டாட்டி ஃபாரினர்!

புருஷனுக்கும் அது புது ஊர்தான். அம்மா சொன்ன கதையில மட்டும் பார்த்த பனைமரம், கிணத்தடி, பேர் மட்டும் தெரிஞ்ச சொந்தக்காரங்க. நம்ம ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை அங்க கொண்டுபோனா, அங்க இருக்கிறது ஓ லெவல், ஏ லெவல். ஆபீஸ்ல பாதிப் பேச்சு சிங்களத்துல. இத்தனைக்கும் தூரம் ஒண்ணும் பெரிசில்லை. நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க. நின்னு, 2024 ஆகஸ்ட்டுல திரும்ப ஆரம்பிச்சது. சென்னையிலேருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் பறக்குது. கடல் சின்னது... கவுன்ட்டர்தான் பெரிசு!

ரோடு நம்பர் 3: மூணாவது நாடு

கனடா, லண்டன், ஜெர்மனினு சொந்தக்காரங்க இருக்கிற குடும்பங்கள் நிறைய. அங்க குடியேறினவரைக் கட்டிக்கிட்டு முகாம்லேருந்து கிளம்புற பொண்ணுங்களும் உண்டு. அந்த நாடுகளும் சும்மா விடாது. ஜெர்மனிக்குன்னா பொதுவா ஏ-1 லெவல் ஜெர்மன் தேர்வு பாஸ் பண்ணணும். பிரிட்டன்ல துணையைக் கூப்பிடுறவரோட வருஷ வருமானம் 29,000 பவுண்டுனு 2024 ஏப்ரல்ல ஏத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி 18,600.

ஒரு சின்ன ஒப்பீடு. உங்க கிளாஸ்மேட் ஒருத்தி அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கிறா. அவர் ஐ-130 மனு போடுவார். ஃபீஸ், மெடிக்கல், போலீஸ் சர்ட்டிஃபிகேட், கல்யாண போட்டோ ஆல்பம்னு எல்லாம் கொடுக்கணும். சென்னை ஜெமினி மேம்பாலத்துக்கிட்ட தூதரகம் இருந்தாலும், இந்தக் குடியேற்ற விசா இன்டர்வியூக்கு மும்பைக்கு ரயிலேறணும். மாசக்கணக்குல, சில சமயம் வருஷத்தைத் தாண்டியும் இழுக்கும். அழுகையே வரும். ஆனா, கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகலைன்னா முதல்ல ரெண்டு வருஷ நிபந்தனை கார்டு, அப்புறம் முழு கார்டு, கார்டு கைக்கு வந்து 3 வருஷம் கணவரோட வாழ்ந்தா குடியுரிமைக்கு மனுனு வழி தெளிவா இருக்கு. எந்த ஸ்டெப்ல நிக்கிறோம்னு தெரியும்.

ஆனையூர் மாப்பிள்ளைக்கு நான் ஒரு ஃப்ளோ சார்ட் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் 'பாஸ்போர்ட் இருக்கா?' கட்டத்துக்கே அம்புக்குறி திரும்பி வருது. புரோகிராம்ல இதுக்குப் பேரு இன்ஃபினிட் லூப்!

லூப்பை உடைச்சவங்க

இல்லாம இல்லை. நம்ம மதுரை ஹைகோர்ட் கிளையிலேயே நடந்திருக்கு. 2019 ஜூன்ல, இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்கள் 65 பேர் போட்ட வழக்குல, அவங்க குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிச்சு முடிவெடுக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. 2022-ல இன்னொரு வழக்கு. மண்டபம் முகாம்ல 1986-ல பிறந்த ஒரு பெண், 'எனக்குப் பாஸ்போர்ட் கொடுங்க'ன்னு கேட்டாங்க. 1987 ஜூலைக்கு முன்னாடி பிறந்தவங்க, அதனால இந்தியர்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு. அவங்க 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல முதல் தடவையா ஓட்டுப் போட்டாங்க. அதே முகாம்ல 1987 ஆகஸ்ட்டுல பிறந்தவங்களுக்கு இந்த வழி இல்லை. பிறந்த தேதிதான் வித்தியாசம்!

2025 செப்டம்பர்ல மத்திய அரசும் ஒரு உத்தரவு போட்டுச்சு. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல, பாஸ்போர்ட், விசா இல்லைங்கிறதுக்காகத் தண்டனை நடவடிக்கை இருக்காது. பயம் கொஞ்சம் குறையும். ஆனா, பயம் குறையறது வேற, குடியுரிமை கிடைக்கிறது வேற.

காதலிக்கிறவங்க கவனத்துக்கு...

உங்க கேம்பஸ்லயும் முகாம்லேருந்து வர்ற ஃப்ரெண்ட் இருக்கலாம். சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பாங்க. கேம்பஸ் இன்டர்வியூல 'ஆன்சைட் போவீங்களா?'ங்கிற கேள்வி வர்றப்போ மட்டும் குரல் இறங்கும். நட்போ, காதலோ, இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது நல்லது.

* கல்யாணத்தைக் கோயிலோட நிறுத்தாம கட்டாயம் பதிவு பண்ணுங்க. 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்துல வெளிநாட்டவரையும் மணக்கலாம். 30 நாள் நோட்டீஸ் உண்டு.

* ரெண்டு பேரோட அப்பா, அம்மா பிறந்த ஊர், தேதி, அவங்க வந்த வருஷம்... எல்லாத்தையும் ஆவணமா தேடி எடுங்க. ஒரே ஒரு தேதி வாழ்க்கையை மாத்துது.

* குழந்தை பிறந்தா பர்த் சர்ட்டிஃபிகேட்டோட நிறுத்திடாதீங்க. துணைத் தூதரகப் பதிவு பத்தி உடனே விசாரிங்க. அங்க ஒரு வருஷக் கணக்கு ஓடிக்கிட்டு இருக்கும்.

* ஏஜென்ட் சொல்ற குறுக்குவழியில படகு ஏறுற யோசனையே வேணாம். அனுமதி இல்லாம கிளம்பினா, இருக்கிற பேப்பரும் போயிடும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட உட்கார்ந்து பேசுங்க.

முகாம் பக்கம் ஒரு அக்காகிட்ட, "உங்க வீட்டுக்காரர் எந்த ஊருக்கா?"ன்னு கேட்டேன். மதுரைப் பொண்ணு அவங்க. இடுப்புல கைக்குழந்தை. "அவரா? ஆனையூருதேன் தம்பி. வேற எந்த ஊரு?"னு சட்டுனு சொல்லிட்டுக் குழாயடிக்குப் போயிட்டாங்க. தண்ணி வர்ற நேரம்!