கொழுத்தவனுக்கா கொள்ளு?

எடை கூடிவிட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கொள்ளுத் தண்ணி குடி, கொழுப்பெல்லாம் கரஞ்சிரும்" என்பார்கள். கூடவே இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியும் வரும். எனக்கு இது நெடுநாள் உறுத்தல். காங்கயம் பக்கத்தில் என் அப்புச்சி, உழவு மாடுகளுக்குக் கொள்ளை ஊறப்போட்டு வேகவைத்துத்தான் வைப்பார். மாடு தெம்பேறி மினுமினுக்கும். குதிரைக்கும் அதுவே தீனி. மாட்டுக்கும் குதிரைக்கும் உடம்பைத் தேற்றும் தானியம், மனிதருக்கு மட்டும் எப்படி உடம்பை வற்றச்செய்யும்?

முதலில் சரக சம்ஹிதையைப் புரட்டினேன். இருமல், விக்கல், இரைப்பு, மூலம் என்று கொள்ளுக்கு அங்கே பல வேலைகள். சூத்திரஸ்தானம் 21ஆம் அத்தியாயத்தில், உடல் பெருத்தவருக்கான உணவுகளிலும் அது இருக்கிறது. ஆனால் தனியாக இல்லை. பார்லி, வரகு, பச்சைப்பயறு, துவரை என்று ஒரு கூட்டத்தோடு நிற்கிறது. தொட்டுக்கொள்ளப் புடலும் நெல்லியும். கொழுப்பைக் கரைக்கும் ஒற்றை மருந்தாகக் கொள்ளை அந்த நூல் அங்கே காட்டவில்லை. தட்டையே மாற்றச் சொல்கிறது. படித்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணை மீதியைத் தெளிவாக்கியது. 100 கிராம் கொள்ளில் புரதம் ஏறத்தாழ 22 கிராம். கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. நார் நிறைய. மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது, பசியும் சீக்கிரம் எடுக்காது. சோற்றைக் குறைத்துக்கொண்டு கொள்ளைத் தின்பவர் இளைக்கலாம். வெறும் சோளத்தட்டு தின்ற மாட்டுக்கு அந்தத் தீவனத்தில் போதாத புரதத்தைக் கொள்ளு கொடுக்கிறது, அது தேறுகிறது. இரண்டும் ஒரே குணத்தின் வேலைதான். அரிசியில் குறைவான லைசின் பயறில் தாராளம். பயறில் குறைவான மெத்தியோனைன் அரிசியில் உண்டு. பருப்பும் சோறும் சேர்ந்த சாப்பாடு நம்மிடம் இத்தனை காலம் நிலைத்ததற்கு இது போதுமான காரணம்.

அத்தோடு முடித்திருப்பேன். பெரியப்பாவிடம் அந்தப் பழமொழியைப் பற்றிப் பேசப்போய் எல்லாம் திசைமாறியது.

"அம்மிணி, அது திங்கறவனப் பத்துன பேச்சே இல்ல. வெதைக்கறவனப் பத்துனது" என்றார்.

"எப்படிங்க பெரியப்பா?"

"கையில காசில்லாதவன் எள்ளு வெதச்சா மூணு மாசத்துல வித்துக் காசு பாத்துக்கலாம். கொள்ளு என்ன வெலைக்குப் போகும்? மாடு கன்னு வெச்சிருக்கறவன், காட்டைக் காயப்போட முடியறவன், அவன் வெதைப்பான். எங்கய்யன் அப்படித்தான் சொல்லுவாரு."

அவருடைய ஐயன் யாரிடம் கேட்டாராம்? அதற்குப் பதில் வரவில்லை. மழை ஓய்ந்தபின் விதைத்தால் பனியிலேயே விளைவது, கொடி மாட்டுக்குத் தீவனமாவது, கொள்ளு போட்ட காட்டில் அடுத்த வெள்ளாமை நன்றாக வருவது என்று பேச்சு காட்டுக்கே போனது. கடைசியாகச் சொன்னதற்கு வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைப்பதுதான் காரணம். ஊரில் மற்ற பெரியவர்களையும் விசாரித்தேன். ஒருவரும் அவர் சொன்னதை ஆமோதிக்கவில்லை. இன்னொரு முறை கேட்டபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "டவுன்ல தண்ணியக் குடிச்சுப்போட்டுக் கொள்ளைக் கொட்டறாங்களாமே, அவங்ககிட்டப் போயிக் கேளு" என்றார். அந்தக் கோபம் நியாயமானது. புரதத்திலும் நாரிலும் பெரும்பங்கு வெந்த கொள்ளில்தானே தங்குகிறது. அவர் வீட்டில் வடித்த தண்ணீர் ரசமாகும். கொள்ளு சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாயோடு கடைந்த பருப்பாகும். எதுவும் வீணாகாது.

அவரை மறுக்க ஆதாரம் தேடப்போனவள்தான், கர்நாடகத்தின் பல்லாரிப் பகுதியில் போய் நின்றேன். சங்கனக்கல்லு, தெக்கலக்கோட்டை போன்ற புதிய கற்கால ஊர்களில், ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முந்தைய மண்ணில், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களும் கிடைத்திருக்கின்றன. அதே வட்டாரத்தில் மாட்டுச் சாணத்தை எரித்து எரித்து உருவான சாம்பல் மேடுகள். மாடும் கொள்ளும் அப்போதே ஒரே மக்களின் கையில்!

2017இல் சார்லீன் மர்ஃபி, டோரியன் ஃபுல்லர் இருவரும் இந்தியத் தொல்லியல் தளங்களில் கிடைத்த கொள்ளு விதைகளை இங்கிலாந்தின் டைமண்ட் ஒளிக்கூடத்தில், விதையை உடைக்காமலே எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்தார்கள். காட்டுச் செடியின் விதைத்தோல் தடிமன். தண்ணீர் எளிதில் இறங்காது, முளைப்பது தள்ளிப்போகும். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் அந்தத் தோல் மெலிந்துவருவதை அவர்கள் கண்டார்கள். உடனே முளைத்த விதையே அறுவடையில் கைக்கு வந்தது, மறுவிதைப்புக்கும் போனது. தலைமுறை தலைமுறையாக நடந்த விதைப்பின் தடம் அந்தத் தோலில் பதிந்திருக்கிறது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டார்.

"அந்த ஊர்கள்ள எள்ளு இருந்துதா?"

"ஹரப்பாவுல கருகுன எள்ளு கெடச்சிருக்குதுங்க. பல்லாரிக்காரங்க மொதல்ல வெதச்ச பயிர்ல அது இல்லீங்க."

"அப்ப நம்ம பக்கத்துக்கு எள்ளு எப்ப வந்துச்சுன்னு பாத்துட்டு வா. அதுக்கப்பறம் பழமொழியப் பேசிக்கலாம்" என்றார்.