பிடித்திருக்கும் கை

விலங்குகள்பால் அருள் என்னும் பொருள்பற்றி எழுதப் புகுவோர் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும், புறாவுக்குத் தசை அரிந்த சிபியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் முன்னிறுத்துதல் வழக்கம். யாமும் அவ்வழக்கினை மதிப்போம். ஆயினும் மயில் கடிப்பதன்று. கடிக்கும் வாயுடைய உயிரொன்றனை இரு கைகளாற் பற்றி, அதற்கும் நோவாது தமக்கும் ஊறின்றி நிறுத்திவைக்கும் தொழில் ஒன்று உண்டு. அதனைப் பாடிய புலவரை யாம் அறியோம்.

சென்ற கோடை விடுமுறையில் திருவள்ளூர் மாவட்டத்து விலங்குக் காப்பகம் ஒன்றில், கால்நடை மருத்துவரின் உதவியாளருக்குக் கீழ் ஆறு வாரம் பணிசெய்யும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. தாள்களில் அப்பதவிக்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. ஊரார் வாயில் அது கம்பவுண்டர். சினம் மிகுந்த வேளையில் 'நாய் பிடிக்கிறவன்'. தமிழ் ஆனர்ஸ் பயிலும் எம்மை அங்குள்ளோர் சற்று நகைப்போடே வரவேற்றனர். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் 'குருளை' என்னும் பெயரைச் சொல்லும் என்று யாம் உரைத்தபொழுது, மூத்த உதவியாளர், "பேரு நல்லாயிருக்கு தம்பி, முதல்ல குடற்பூச்சி மருந்தைக் குடு" என்றார். அதற்கு முன்னரே வெறிநோய்த் தடுப்பூசி எமக்குப் போடப்பட்டிருந்தது. அஃதின்றி எவரையும் கூண்டருகே விடுவதில்லை.

பிடித்தல் என்பது வலிமையால் ஆவதன்று. "இறுக்கிப் பிடிக்காதே தம்பி, இருக்கப் பிடி" என்பதே அம்மூத்தவர் எமக்குக் கற்பித்த முதற்பாடம். நாயின் முன்னங்காலின் மேல் ஓடும் இரத்தக்குழாயைக் கட்டைவிரலால் அழுத்திச் சிறிதே புறத்தே திருப்பின் அது புடைத்தெழும். ஊசி உள்ளே சென்றதும் விரலை நெகிழ்த்தல் வேண்டும். நெகிழ்த்தாவிடின் மருந்து ஏறாது. மருத்துவர் ஊசியைப் பார்ப்பார். பிடிப்பவரோ நாயின் காதையும் உதட்டையும் மூச்சையும் பார்த்திருப்பார். அறுவைக்கு முன் எடை பார்த்தலும் அவர் கடனே, என்னை? மயக்கமருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அம்மருந்துள் ஒருவகையால் மயங்கிய நாய் கண்மூடுவதில்லை. உணர்விழந்தும் விழித்தபடியே கிடக்கும். அக்கண்கள் உலராதிருக்கக் களிம்பிடுதலும், விழிக்குங்காறும் உடற்சூடு குறையாது போர்த்தி வைத்தலும் உதவியாளர்க்கு உரியன. பேகன் நினைவு எமக்கு ஆங்கே ஒருமுறை வந்தது உண்மை.

கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, அடையாளமாகக் காதின் நுனியிற் சிறிது கத்தரித்து, பிடித்த இடத்திலேயே நாயை மீள விடுதல் இன்றைய முறை. இம்முறை நம் நகரத்தோடு தொடர்புடையது. சென்னை மாநகராட்சி பன்னெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. எனினும் அவை குறைந்தில. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கம், கொல்லுதற்கு மாறாகக் கருத்தடையை 1964 முதல் மேற்கொண்டது. மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது 1996-இல். நாடு முழுமைக்குமான விதிகள் 2001-இல் பிறந்தன. 2023-இல் அவை புதுக்கப்பெற்றன. ஒரு நல்ல எண்ணம் விதியாவதற்கு எத்துணை ஆண்டுகள் செல்கின்றன என்று வியந்தோம்.

'பிடித்த இடத்திலேயே' என்னும் இரு சொற்கள் எளியனவாகத் தோன்றும். அவற்றின் பாரம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலேதான் எமக்கு விளங்கிற்று. ஆலை வாயில்தோறும் நான்கைந்து நாய்கள் உள. இரவுப் பணி முடித்து வருவோர் இடும் சோற்றிலும் ரொட்டியிலும் அவை வாழ்கின்றன. லாரிகளின் அடியில் உறங்குகின்றன. அச்சக்கரங்களிலேயே பல மடிகின்றன. அங்கு ஓர் இரும்பாலையின் வாயிலில், ஒடிசாவினின்று வந்த தொழிலாளி ஒருவரைப் பெட்டைநாய் ஒன்று கெண்டைக்காலிற் கடித்துவிட்டது. உடனிருந்தோர் காயத்தில் மிளகாய்ப்பொடி அப்பினர். சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதலே முதற்பரிகாரம் என்பது அவர்க்கு மருத்துவமனையிலேதான் தெரிந்தது.

நாய் காப்பகத்திற்கு வந்தது. அதனைப் 10 நாள் தனிக்கூண்டில் வைத்துப் பார்க்கும் பொறுப்பில் எமக்கும் பங்கு வந்தது. வெறிநோய்க் கிருமி உமிழ்நீரிற் கலந்த நாய் பத்து நாளுக்குமேல் நலமாய் வாழ்வதில்லை. எனவே அந்நாள் கடந்தும் நலமாயிருப்பின், கடித்தபோது அதன் வாயில் நோய் இருந்ததில்லை எனத் தெளியலாம். அதுகாறும் கடிபட்டவர் காத்திருத்தல் ஆகாது. கடிபட்ட அன்றும், 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் அஞ்சிய மருந்து ஆட்டின் மூளையினின்று ஆக்கியது. அது கைவிடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. இன்று வலி சிறிது. ஆயினும் ஒவ்வோர் ஊசிக்கும் ஒருநாட் கூலி போயிற்று என்று அத்தொழிலாளி கணக்குரைத்தார்.

ஐந்தாம் நாள் அந்நாய் உணவைத் தொடவில்லை. நீரை மட்டும் குடித்தது. நீர் குடிப்பதால் அச்சமில்லை என்று யாம் மகிழ்ந்தபொழுது மூத்தவர் தலையசைத்தார். "தண்ணிக்குப் பயப்படறது மனுசனுக்குத்தான் தம்பி. வெறிநாய் தண்ணி குடிக்கும்" என்றார். அன்றிரவு யாம் உறங்கினோமில்லை. கூண்டினுள்ளே இருந்தது நாய் ஒன்றேயன்று. ஒடிசாவின் சிற்றூர் ஒன்றில் காத்திருக்கும் குடும்பமும் அதனுள் இருந்ததுபோல் எமக்குத் தோன்றிற்று. மறுநாட் காலை, மூத்தவர் கூண்டின் முன்புறத்தைச் சாக்கால் மறைத்துத் தட்டை உட்புறம் தள்ளிவைத்தார். ஆள் கண்ணிற்படாத சிறிது நேரத்தில் தட்டு வெறுமையாயிற்று. நோயன்று, நாணமே.

பதினோராம் நாள் அத்தொழிலாளியே காப்பகத்திற்கு வந்தார். நாய் எழுந்து வாலை ஆட்டிற்று. அவர் அருகே செல்லவில்லை. தூரத்தே நின்று நெடுநேரம் பார்த்தார். பின்னர்த் தமக்குத் தெரிந்த தமிழில், "நல்லா இருக்கா? அப்போ நானும் நல்லா இருக்கு" என்றார். எஞ்சிய ஊசிக்கும் தவறாது செல்லுமாறு மருத்துவர் சொல்லியனுப்பினார்.

கருத்தடை முடித்துப் புண் ஆறியபின் அதனை வண்டியில் ஏற்றி ஆலை வாயிலுக்குக் கொண்டுசென்றோம். மீளக் கொணர்தல் கூடாதென்று சிலர் வழிமறித்தனர். அவர் சினத்தை யாம் குறை கூறோம். கடிபட்டது அவர் தோழரின் கால். இடம் வெறுமையாயின் தடுப்பூசியில்லாத வேற்று நாய்கள் அங்கு வந்து புகும் என்று மூத்தவர் பொறுமையோடு விளக்கினார். பாதிப்பேர் கேட்டனர். கூண்டுக்கதவைத் திறந்ததும் அந்நாய் எவரையும் நோக்காது, நின்றிருந்த தண்ணீர் லாரியின் நிழலிற் போய்ப் படுத்தது. வாயிற்காவலர் அதன் காதை எட்டிப்பார்த்துவிட்டு எம்மை நோக்கித் திரும்பினார்: "தம்பி, இங்க இன்னும் மூணுக்குக் காது முழுசா இருக்கு. என்னிக்கு வர்றீங்க?"