பட்டாளத்தாரின் சிரிப்பு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் ஞாயிறு திருப்பலியில் ஈரத் தலைகள் மிகுந்துவிடும். அருவியில் நீராட வந்த வெளியூர் மக்கள் ஞாயிறு கடனையும் இங்கேயே நிறைவேற்றிக்கொள்வர். அவர்களுக்கு இடம் ஒதுக்கி அமர வைப்பவர் எங்கள் பங்கின் முதியவர் ஒருவர். ஊரார் அவரைப் பட்டாளத்தார் என்பர். சிறுவர்களுக்குப் பட்டாளத்துத் தாத்தா. எண்பதை நெருங்கும் அவரது முதுகு இன்னும் வளையவில்லை.

ஒரு முறை பேரருவிக்கு என்னை அவரே அழைத்துச் சென்றார். காவலர் ஊதல் ஊத, வரிசையாக நின்ற ஆடவர் சிறிது நேரம் நனைந்து நகர்ந்தனர். அடுத்த ஊதலுக்கு அடுத்த வரிசை. வங்கி மேலாளர் போன்ற ஒருவர் எண்ணெய் வழியும் உடலோடு கைகட்டி ஆணைக்குக் காத்திருந்தார். பட்டாளத்தார் என் காதோரம் சொன்னார்: "பாத்தீங்களா சாமி, விசில் உஸ்தாத் கையிலே இருந்தா எல்லாவனும் ரங்ரூட்டுதான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த ஊதல் விளையாட்டன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனதை இப்பகுதியினர் மறக்கவில்லை.

உஸ்தாத் என்றால் பட்டாளத்தில் பயிற்சி அளிப்பவர்; ரங்ரூட் என்றால் புதிதாய்ச் சேர்ந்தவன். அவர் 1964-இன் இறுதியில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1758-இல் தன் தொடக்கத்தைக் காணும் பழம்பெரும் படை அது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. குற்றாலச் சாரலையே குளிர் என்று எண்ணியிருந்த பையனுக்கு வெலிங்டனின் விடியற்காலை எப்படி இருந்திருக்கும்! அதைவிடக் கொடுமை மொழி. 1965 ஜனவரியில் தமிழகமெங்கும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தபோது, இவர் அதே தமிழகத்து மலையொன்றில் இந்திக் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 'சாவ்தான்' என்றால் விறைத்து நில், 'விஷ்ராம்' என்றால் தளர்ந்து நில். அடிக்கடி அழைக்கப்படும் அந்த விஷ்ராம் எந்த ஊர்க்காரன், ஏன் ஒருநாளும் முன்னே வருவதில்லை என்று இரண்டு நாள் தேடினார்களாம்.

அவர் கதைகளில் பங்கு முழுவதும் அறிந்தது 'தம்' கதை. நடந்து செல்லும் அணியை நிறுத்த உஸ்தாத் 'தம்!' என்பார். தமிழனுக்குத் தம் என்றால் மூச்சு. கட்டளை வந்ததும் எல்லாரும் நிற்க, நம்மவர் மட்டும் மூச்சை இறுக அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, மைதானத்தின் எல்லைவரை நடந்துபோனாராம். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியது தண்டனை. தண்டித்த உஸ்தாத் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கியதைப் பின்னாலிருந்து எல்லாரும் பார்த்தார்களாம்.

இதை அவர் கன்னத்தை உப்பிக் காட்டிச் சொல்வார். அன்பியக் கூட்டத்தில் சொல்வார், திருமண வீட்டில் சொல்வார். ஒரு கல்லறைத் திருநாளன்று, நான் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து வருகையில், சிறுவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு அங்கேயும் சொன்னார். பிள்ளைகளின் சிரிப்பு என் செபத்தை மூடிவிட்டது. எனக்குச் சினம் மூண்டது. இடம் அறியாத வயதா உமக்கு என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி பேசவில்லை. குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி, சாவ்தானில் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

குருமடத்தில் எங்களுக்கு மீட்பியல், திருவருளியல், திருச்சபைச் சட்டம் எல்லாம் கற்பித்தார்கள். நகைப்புக்கென ஓர் இயல் இருந்ததாக நினைவில்லை. தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டில் நகையைத்தான் முதலில் வைத்தார். அது பிறக்கும் களங்களில் பிறரை எள்ளுதலையும் பேதைமையையும் தனித்தனியே எண்ணினார். இந்த வேறுபாட்டைப் பட்டாளத்தாரும் தம் வழியில் அறிந்திருந்தார். உடல் வலுவற்ற ஒரு பயிற்சியாளனை மூத்தவன் ஒருவன் நாள்தோறும் பழித்துச் சிரிக்க, அவன் இரவில் கம்பளிக்குள் அழுவானாம். "அது சிரிப்பு இல்ல சாமி, சுடுறது" என்று ஒரு நாள் சொல்லியிருந்தார்.

எள்ளிச் சிரிக்கும் பட்டாளத்தை நற்செய்தியிலும் காண்கிறோம். ஆளுநர் மாளிகை முற்றத்தில் படைப்பிரிவு முழுவதும் திரள்கிறது. செந்நிற ஆடை, முள்ளாலான முடி, கையில் ஒரு கோல். முழந்தாளிட்டு 'அரசே' என்கிறார்கள். படைவீடுகளில் பொழுது போகாத வீரர்களின் விளையாட்டு அது; ஆனால் விளையாடப்பட்டது ஒரு மனிதனைக்கொண்டு. எருசலேமில் சீயோன் சகோதரிகளின் மடத்தின்கீழ் உள்ள பழைய கல்தளத்தில் வீரர் ஆடிய ஆட்டக் கோடுகளை இன்றும் காணலாம். இயேசுவை எள்ளிய இடம் இதுவே என்று முன்பு நம்பினர். தளம் 2-ஆம் நூற்றாண்டினது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஆயினும் அக்கோடுகள் உண்மையானவை. அங்கே சலித்துப்போய்க் குந்தியிருந்த வீரர்களும் உண்மையானவர்கள்.

அதே உரோமைப் படையைச் சேர்ந்தவர்தாம் புனித மார்ட்டின். ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் பிளந்து பாதியைத் தந்தார். அந்தக் காட்சியை வரைந்த ஓவியர் பலர் விட்டுவிட்ட ஒன்றை அவரது வரலாற்றை எழுதிய சுல்பீசியுஸ் குறித்து வைத்திருக்கிறார்: பாதி ஆடையோடு நின்ற வீரரைப் பார்த்து, அருகிலிருந்தோருள் சிலர் சிரித்தனர். மார்ட்டின் அந்தக் கோலத்திலேயே படைவீட்டுக்குத் திரும்பியிருப்பார். அங்கே எத்தனை பேர் சிரித்திருப்பார்களோ!

கப்பர்நாகும் நூற்றுவர் தலைவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 'போ' என்றால் போகிறான், 'வா' என்றால் வருகிறான் என்று தம் பயிற்சித் திடலின் பேச்சையே அவர் இயேசுவிடம் பேசினார். அவர் சொன்ன அந்தத் தகுதியின்மையைத்தான் நற்கருணை வாங்குமுன் நாம் ஒவ்வொரு முறையும் அறிக்கையிடுகிறோம். பட்டாளத்துப் பேச்சு ஒன்று நம் பீடத்தருகே நிலைத்துவிட்டது.

இவையெல்லாம் எனக்குப் பின்னர் தோன்றியவை. அன்று கல்லறைத் தோட்டத்தில் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்தார் என்று எண்ணி, பெருந்தன்மையோடு நாற்காலியைக் காட்டினேன். அவர் அமரவில்லை.

"சாமி, தம் கதையிலே வாரது நான் இல்ல. கூடச் சேர்ந்த செங்கோட்டைப் பக்கத்துப் பையன். எழுபத்தொண்ணு டிசம்பரிலே போயிட்டான். அன்னைக்கு ராத்திரி குழிக்குள்ளே பக்கத்திலேதான் இருந்தான். மேலே குண்டு விழுது. எனக்குக் கை நடுங்குது. இவன் கன்னத்தை உப்பிக்கிட்டு என்னையப் பாத்தான். ரெண்டு பேரும் சிரிச்சோம். விடியுமுன்னே அவன் இல்ல."

சற்று நின்று மீண்டும் சொன்னார்: "அவன் கதைன்னு சொன்னா, மிச்சத்தையும் கேப்பாங்க. அதான் என் கதைன்னு சொல்லுதேன். அவன் கல்லறை இங்க இல்ல. நேத்து எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்துனாங்க. நான் அவன் கதையைச் சொன்னேன்."

என்னிடம் சொல் இல்லை. அவர் 'தோத்திரம் சாமி' என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு 19-ஆம் மதராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்களைப் புதைத்தபோது அவர் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார் என்று ஊரார் முன்பு சொன்னதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அண்மையில் எங்கள் பங்கின் இளைஞன் ஒருவன் அக்னிவீரனாகத் தேர்வானான். 2022-இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் பணி நான்கு ஆண்டுகள். அதன்பின் நால்வரில் ஒருவர் வரையே நிலையாகத் தொடர முடியும். நன்னடத்தைச் சான்று வாங்க வந்த தாய், "நாலு வருசம் கழிச்சு இவன் என்ன செய்வான் சாமி? நாலு வருசத்துக்குள்ளே ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. இறைவன் காப்பார் என்றேன். நான் சொன்னது உண்மைதான். அந்தத் தாய்க்கு அது போதவில்லை என்பதும் உண்மை.

அவன் புறப்பட்ட காலையில் தென்காசி ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். கோவில் கோபுரத்துப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. தாய் மகனின் தோளைப் பற்றியபடி விம்மினார். மகனுக்கும் உதடு துடித்தது. வண்டி வரும் ஓசை கேட்டது. பட்டாளத்தார் இருவருக்கும் முன்னே போய் நின்று, நிலையம் அதிரும்படி, "தம்!" என்றார். சிறு வயதுமுதல் அக்கதையைக் கேட்டு வளர்ந்த பையன் சட்டென்று மூச்சை அடக்கிக் கன்னத்தை உப்பினான். கண்ணீர் வழிய அந்தத் தாய் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் அவன் வண்டியில் ஏறினான்.

வண்டி நகர்ந்தது. பட்டாளத்தார் சாவ்தானில் நின்றார். கடைசிப் பெட்டி மறைந்தது, மக்கள் கலைந்தனர், அவர் அசையவில்லை. கண்கள் மட்டும் நிறைந்திருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், அருகே சென்று மெல்லச் சொன்னேன்:

"விஷ்ராம், தாத்தா."

அவர் தோள்களைத் தளர்த்தினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சத்தம் பத்தாது சாமி. திருப்பலியிலேயும் இப்படித்தான், பின்னாடி கேக்கவே மாட்டேங்குது."