பறை வரையாத வாத்தியார்

2012இல் பகுதிநேர ஓவிய ஆசிரியராக ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வாரத்துக்கு மூணு அரைநாள், மாசம் 5,000 ரூபாய். ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள். பூச்சாடியும் மாம்பழமும் வரைந்து பிள்ளைகளுக்கும் சலித்தது, எனக்கும் சலித்தது. மாசத்துக்கு ஒரு நாடு என்று வைத்துக்கொண்டேன்.

எகிப்துக்குப் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊறவைத்து முகமூடி செய்தோம். பெனினுக்கு ஏரிக் களிமண்ணில் அரசர் தலைகள். அசலெல்லாம் பித்தளை வார்ப்பு. 1897இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடி அள்ளிப்போனது, பல இன்னும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்றேன். "திருடுனத எப்படி சார் கண்ணாடிப் பொட்டில வச்சிக் காட்டுறாங்க?" என்றாள் ஒரு பெண். நல்ல வாத்தியார் என்று எனக்கே ஒரு நெனப்பு.

ஆனால் ஒண்ணை மறைத்தேன். எங்கப்பா பறை கட்டினவர். வேப்பங்கட்டையை வளைவாகச் செதுக்கி, மூணு துண்டையும் இரும்புப் பட்டை வைத்து வட்டமாகப் பூட்டுவார். புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தடவி, கன்னுக்குட்டித் தோலை இழுத்து ஒட்டுவார். அளவுகோல் கிடையாது, கண்ணுதான். எனக்கு வட்டம் போடக் காம்பஸ் வேணும். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்துவான். அதனால்தானோ என்னவோ, உலகத்துக் கைவினையெல்லாம் சொல்லித்தந்த நான் எங்க வீட்டு வேலையை மட்டும் சொல்லவே இல்லை.

ஜப்பான் மாசம் வந்தது. தைக்கோ மேளம். ஒரே மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோல் இழுத்து, சுற்றிலும் ஆணி அடிப்பார்கள் என்று படம் போட்டுக் காட்டினேன். கடைசி வரிசையில் காலனிப் பையன் எழுந்தான். "அந்தத் தோலை யார் சார் பதப்படுத்துனா?"

எனக்குத் தெரியும். சொன்னேன். அவர்களுக்கு 'எதா' என்று பேர் வைத்தார்கள், தீட்டு நிறைந்தவர் என்று அர்த்தம். 1871இல் சட்டம் அந்தப் பேரை எடுத்தது, இழிவு போகவில்லை. 1922இல் கியோட்டோவில் கூடி 'சுயிஹெய்ஷா' என்ற இயக்கம் கட்டினார்கள். ஒசாகாவில் நானிவா என்று ஒரு பகுதி. தலைமுறை தலைமுறையாக மேளம் செய்தது அந்த சனம், அடித்துக் கைதட்டு வாங்கியது வேற ஆளுங்க. 1987இல் அங்கத்துப் பிள்ளைகள் தாங்களே ஒரு குழு ஆரம்பித்தார்கள். பேரு 'இக்காரி'. கோபம் என்று அர்த்தம்.

"எங்க தாத்தாவும் மேளம் கட்டுவாரு சார்" என்றான் பையன். முன்வரிசையில் சிரிப்பு.

"எங்கப்பாவும் கட்டுவாருடா" என்றேன். தொண்டை வறண்டுவிட்டது. சிரிப்பு நின்றது.

அடுத்த மாசம் அப்பா விட்டுப்போன பறைக்கட்டையைத் தோலில்லாமல் எடுத்துப்போனேன். பிள்ளைகள் அளந்து வரைந்தார்கள். படங்களை ஜப்பான் மேளத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ரெண்டாம் நாள் ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். "சாவு மோளத்தப் படிக்கவா புள்ளைங்கள அனுப்புறோம்?" தலைமையாசிரியர் என்னிடம், "ஜப்பானோட நிறுத்திக்கலாமே சார், எதுக்கு வம்பு" என்றார். "அதுவும் மாட்டுத்தோல்தான் சார். எடுத்தா ரெண்டையும் எடுங்க" என்றேன். எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் காலனிப் பெரியவர் ஒருத்தர் மறித்தார். "கூலியில்லாம சாவுக்கு அடிச்சித் தேஞ்சோம். அடிக்க மாட்டோம்னு சொல்லி ஒதை வாங்குனோம். நீ பள்ளிக்கூடத்துக்கே தூக்கினு போறியேப்பா?"

ஊர்க்காரனுக்குச் சொன்ன பதில் இவருக்கு ஆகாது. ராத்திரியெல்லாம் யோசித்தேன். அடிக்க மாட்டேன் என்பது நம்ம உரிமை. அதில் மாற்றமில்லை. ஆனால் மரத்தை வட்டமாக்குகிற அறிவைக் கேவலம் என்று நினைக்கிறது அவன் கொடுத்த புத்தி. மறுநாள் போய் அவரிடம் அப்படியே சொன்னேன். ஒத்துக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை.

ஒரு பிள்ளை கேட்டது: "இந்தத் துண்டையெல்லாம் எப்படி சார் இடைவெளி தெரியாம சேத்தாரு?" எனக்குத் தெரியவில்லை. அப்பா கட்டை செதுக்கும்போது "வந்து புடிடா" என்று கூப்பிடுவார். நான் பூச்சாடி வரைந்துகொண்டிருந்தேன்.