அகாசாவின் அப்பா

கரியாலூரில் சிக்னல் கிடைக்கிற வளைவில் உட்கார்ந்து, ஆங்கில சப்டைட்டிலோடு அனிமே பார்த்தவன் நான். அப்பா எட்டிப் பார்த்து, "என்னடா பேசுறானுங்க?" என்பார். சொல்வதற்குள் அடுத்த காட்சி ஓடிவிடும். "அட போப்பா."

2025 ஜூலை 18 அன்று ஜப்பானில் வெளியான 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்', செப்டம்பர் 12 அன்று இங்கே தமிழிலும் வந்தது. எட்டு வாரத் தாமதம். பரவாயில்லை, தமிழ்! அப்பாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். சண்டைகளில் நன்றாகத் தூங்கினார். அகாசா மனிதப் பையனாக இருந்தபோது, நோயாளி அப்பாவின் மருந்துக்காகத் திருடுகிற கதை வந்ததும் நிமிர்ந்தார். (பார்க்காதவர்கள் மன்னிக்க.) மகனுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று அந்தத் தகப்பன் தூக்கில் தொங்கிவிடுகிறான்.

கள்ளக்குறிச்சி வரை அப்பா பேசவில்லை. மலை பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்: "அந்தப் பையனுக்கு அப்புறம் யாருமே இல்லையா? நான் தூங்கிட்டனா?"