விடியும்வரை எரியும் விளக்கு

மருத்துவம் பயிலும் மகனின் அறையில் விடியும்வரை விளக்கெரிந்தால் பெற்றோர் பூரிக்கின்றனர், நாமோ அஞ்சுகிறோம். படித்தது நினைவில் உறுதிப்படவும் உறக்கம் வேண்டுமே! தேசிய மருத்துவ ஆணையப் பணிக்குழுவின் 2024-ஆம் ஆண்டு ஆய்வில், இளநிலை மாணவருள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறை கண்டறியப்பட்டதாகக் கூறியுள்ளனர். நாள்தோறும் 7 முதல் 8 மணிநேர உறக்கம் தேவை என்பது அக்குழுவின் பரிந்துரை. விடுதிகளுக்கு அது எட்டியதோ, என்னவோ!

சோர்ந்து, சாவை வேண்டிச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. உண்ணச் சொன்னார், மீண்டும் உறங்கவும் விட்டார். 1986-இல் தொடங்கப்பெற்று, நம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையமான 'சிநேகா'வின் தொண்டர்களும் கடிந்துகொள்வதில்லை, செவிமடுக்கின்றனர்.

"தேர்வு நெருங்குகிறது, மகனுக்காகச் செபியுங்கள் சாமி" என்றார் ஒரு தாய். "செபிக்கிறோம், இன்றிரவு அவனை உறங்க விடுங்கள்" என்றோம்.

"இன்னும் பாடம் மீதமிருக்கிறதே, சாமி?" என்றார்.